வாயைத் திறக்க முடியாத வேலை

குன்னூர் மாதிரி சின்ன ஊரில் ரகசியம் காப்பது கஷ்டம்தான். இங்கே பெட்ஃபோர்டு பகுதியில் டீ குடிக்கும்போது ஒருவர் சர்வ சாதாரணமாகக் கேட்கிறார்: “சார், அரிவாள் செல் சோகை ஆராய்ச்சிக்கு அரசு நிதி கேட்ட அந்த விண்ணப்பம் உங்ககிட்டதான் மதிப்பீட்டுக்கு வந்திருக்காமே?” வந்ததா இல்லையா என்பதைக்கூடச் சொல்ல முடியாதுங்க என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

வரிப்பணம்தானே, இதில் என்ன மூடுமந்திரம் என்பார்கள். சரி, பணம் யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்பது வெளியே வரட்டும். ஆனால் விண்ணப்பத்தில் இருப்பது இன்னும் செய்யாத ஆய்வு. வெளிவராத முதற்கட்ட முடிவுகள், கருதுகோள், எந்தப் பழங்குடிக் கிராமத்தில் எப்படி ரத்த மாதிரி எடுப்பது என்பதுவரை எல்லாம் அதில் உண்டு. மதிப்பிடுபவரும் அதே துறைக்காரர், பல நேரம் போட்டியாளர். அவர் எங்காவது உளறினால் வேறு ஆள் முந்திக்கொள்வார். மதிப்பிட்டவர் பெயர் கசிந்தாலோ, பெரிய ஆளின் விண்ணப்பத்தைத் ‘தேறாது’ என்று எழுத யாருக்குத் துணிச்சல் வரும்?

இப்போது புதுத் தலைவலி ஏஐ. விண்ணப்பத்தை அப்படியே அதில் போட்டு விமர்சனம் எழுதித் தரச் சொல்வது. அமெரிக்காவில் மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் அரசு அமைப்பான என்ஐஎச் 2023 ஜூனிலேயே மதிப்பீட்டாளர்களுக்கு இதைத் தடை செய்துவிட்டது. ஏற்றிய கோப்பு எங்கே போகும், யார் பார்ப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லையே. வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பைத் தள்ளிவிட்டு ‘ஒரு பார்வை பாருங்க’ என்பவர்களும் இதில் சேர்த்திதான்.