சாத்தான்குளம் நிலையத்துக் கேமரா

2020 ஜூன் மாதம் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லிக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் சில நாட்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அந்தச் செய்தியில் என்னை இன்றளவும் உறுத்துவது ஒரு சிறு விவரம். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையின் உத்தரவுப்படி விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர், காவல் நிலையக் கேமராப் பதிவுகள் அன்றன்றே தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். வன்தட்டில் இடம் இருந்தது, பதிவு இல்லை. அன்றிரவு நடந்ததைச் சொன்னவர் அதே நிலையத்தின் பெண் தலைமைக் காவலர் ஒருவர். அவருடைய துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா பொருத்தி, பதிவுகளைக் குறைந்தது ஓராண்டாவது பாதுகாக்க வேண்டுமென்று உத்தரவிட்டது. ஆனால் அந்தப் பதிவைப் பார்த்து நடவடிக்கை எடுப்பவர் யார்? 2006இல், காவல்துறைச் சீர்திருத்தம் கோரிய பிரகாஷ் சிங் வழக்கில், மாநில அளவிலான காவல்துறைப் புகார் ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற நீதிபதியே தலைமை ஏற்க வேண்டுமென்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. தமிழ்நாட்டின் 2013ஆம் ஆண்டுச் சட்டமோ அப்பொறுப்பை உள்துறைச் செயலாளரிடம் ஒப்படைத்து, காவல்துறைத் தலைமை இயக்குநரையும் உறுப்பினராக்கியது. காவலர்மீது புகார் கொடுக்க வரும் ஏழைத் தாய், அந்த மேசைக்கு எதிரே எந்த நம்பிக்கையில் உட்காருவார்?