கற்பூர மரம் வந்தது, கூக்கபுர்ரா வரவில்லை

நீலகிரிக்குக் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) ஆஸ்திரேலியாவிலிருந்து 1843இல் வந்து சேர்ந்தது. அங்கே அதே மரத்தில் உட்கார்ந்து சிரிக்கும் கூக்கபுர்ராப் பறவை மட்டும் வரவில்லை. சோலை ஓரப் புதரில் சிரிப்புச் சத்தம் கேட்டால் அது நீலகிரி சிரிப்பான். கொடைக்கானலில் என்றால் பழனி சிரிப்பான். பெயரில்தான் சிரிப்பு, இவற்றுக்கும் கூக்கபுர்ராவுக்கும் உறவே கிடையாது. அதன் நிஜமான சொந்தக்காரன் நம் வெண்மார்பு மீன்கொத்தி.

கூக்கபுர்ராவும் மீன்கொத்திதான், அந்த இனத்திலேயே பெரிய உடம்பு. நீளம் 40 செ.மீ.க்கு மேல். ஆனால் மீன் எப்போதாவதுதான். கிளையில் அசையாமல் உட்கார்ந்து தரையையே பார்க்கும். பல்லி, எலி, குட்டிப் பாம்பு எது அசைந்தாலும் ஒரே பாய்ச்சல். பாம்பைத் தலைக்குப் பின்னால் கவ்விக்கொண்டு வந்து, துணி துவைப்பதுபோல் கிளையில் மாறி மாறி அடிக்கும். எலும்பு நொறுங்கினால்தான் விழுங்க முடியும்.

அந்தச் சிரிப்பு சந்தோஷத்தில் வருவதில்லை. ஒன்று அடித்தொண்டையில் மெல்ல ஆரம்பிக்கும், தலையை அண்ணாந்து வாலைத் தூக்கும், குடும்பமே சேர்ந்துகொள்ளும். 'இது எங்க இடம்' என்று விடியலிலும் அந்தியிலும் போடும் வேலி அது. அடுத்த எல்லைக்காரர்களும் சும்மா இருப்பதில்லை, பதிலுக்குக் கத்துவார்கள்.

குடும்பம் என்றேன் அல்லவா? முந்தைய ஆண்டுகளின் பிள்ளைகள் பிரிந்து போகாமல் தங்கி, அடை காக்கவும் இரை ஊட்டவும் உதவும். ரொம்பப் பாசமான குடும்பம் என்று நினைத்துவிட வேண்டாம். மரப்பொந்துக்குள் பொரியும் குஞ்சுக்கு மேலலகின் நுனியில் ஒரு கொக்கி உண்டு. இரை போதாவிட்டால் மூத்தது அதை வைத்தே கடைக்குட்டியைக் கொத்திக் கொன்றுவிடும். குஞ்சு வளர வளரக் கொக்கி மறைந்துவிடுகிறது.

ஆஸ்திரேலியாவில் சிலர் இதற்குக் கொத்துக்கறி வைக்கிறார்கள். அன்புதான், ஆனால் எலும்பில்லாத கறியில் சுண்ணாம்புச்சத்து இல்லை. அதைவிட மோசம் எலி மருந்து: மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்று பறவையும் சாகும். கேரட் தோட்டத்தில் எலி மருந்து வைக்கும்போது நாமும் இதை யோசிக்கலாம்.

வெண்மார்பு மீன்கொத்தியைப் பார்க்க ஓடைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. தோட்டத்து மின்கம்பியைப் பாருங்கள்: சாக்லேட் நிறத் தலை, நீல முதுகு, சிவப்பு அலகு. வேட்டை முறையும் அப்படியே, உட்கார்ந்து பாய்வது, அடித்து விழுங்குவது. கூடு மட்டும் வேறு. சாலைக்கு வெட்டிய மண்சுவரில் நேராகக் குடைந்த வளை. வளையின் வாயில் வெள்ளை எச்சமும் கால் பட்ட இரண்டு தடமும் இருந்தால் ஆள் குடியிருக்கிறது. அதற்கு நேர் எதிரே போனும் கையுமாக நிற்காதீர்கள். இரையைக் கவ்வியபடி விழுங்காமல் கம்பியிலேயே உட்கார்ந்து கத்துகிறது என்றால், நீங்கள் போகத்தான் காத்திருக்கிறது. உள்ளே குஞ்சு பசியோடு இருக்கும்.