டீக்கடையில் நிறுத்திய வண்டி

1987-ல் ஒரு மிஷன் மருத்துவமனையின் தொழுநோய்ப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். குடியாத்தம் பக்கத்துக் கிராமங்கள் என் பொறுப்பு. பதவியின் பெயர் பாராமெடிக்கல் ஒர்க்கர். கிராமத்தில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். ‘தேமல் பாக்கற சார்’ என்பார்கள்.

முதல் வாரம் கிராமத்துக்கு அனுப்பவில்லை, புண் கட்டும் அறையில் இருந்து பழகச் சொன்னார்கள். ஒரு பெரியவர் உள்ளங்காலில் புண்ணோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நான் சிறுவயதிலிருந்தே ஒவ்வொரு பெரிய வியாழனும், இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவிய பகுதியைக் கேட்டு வளர்ந்தவன். டப்பில் தண்ணீர் பிடித்து, முழங்கால் போட்டு, அவர் காலை எடுத்து உள்ளே வைத்தேன். கண் கலங்கிவிட்டது. இதற்குத்தான் கர்த்தர் என்னை இங்கே கொண்டுவந்தார் என்று நினைத்தேன்.

கட்டு கட்டும் வேலையில் இருந்த அண்ணன் ஒரு காலத்தில் அங்கேயே நோயாளியாக இருந்தவர். மடங்கிப்போயிருந்த விரல்கள் அறுவை சிகிச்சையில் நிமிர்ந்து, அதே கைகளால் இப்போது மற்றவர்களுக்குக் கட்டு கட்டுகிறார். அவர் என் தோளைத் தொட்டு எழுப்பினார். “தம்பி, இன்னிக்கு நீ கழுவிட்ட. நாளைக்கு அவரு வூட்ல யாரு கழுவுவா?” அப்புறம் பெரியவர் பக்கம் திரும்பி, “நைனா, நீயே ஊற வையி. ஊறினதும் இந்தக் கல்ல எடுத்துத் தேயி. நான் பாக்கறேன்” என்றார்.

அந்த அறையில் நான் கற்ற முதல் பாடம் அது. உணர்ச்சி இல்லாத பாதத்தில் வியர்வையும் சுரக்காது. தோல் காய்ந்து தடித்து வெடிக்கும், வெடிப்பிலிருந்து புண் வரும். தினமும் இருபது நிமிடம் சாதாரணத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் தேய்த்து எடுத்து, ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவ வேண்டும். அப்புறம் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், முள்ளோ கண்ணாடிச் சில்லோ ஏறியிருந்தால் அவருக்கே தெரியாது. இதை அவர்தான், அவர் வீட்டுத் திண்ணையில், ஒவ்வொரு நாளும், ஆயுசு முழுக்கச் செய்யவேண்டும். நான் முழங்கால் போட்டுக் கழுவியதில் அன்று என் மனசு நிறைந்தது. அவர் புண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தொழுநோயில் விரல்கள் அழுகி விழுகின்றன என்றுதான் ஊரில் நினைத்தார்கள், நானும் அப்படியே நினைத்திருந்தேன். 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் அது அப்படியில்லை என்று கண்டுபிடித்துக் காட்டினார். கிருமி நரம்பைக் கெடுக்கிறது. வலி தெரியாமல் போகிறது. விரலைக் குறைப்பது அதற்குப் பிறகு நடக்கும் அன்றாடக் காயங்கள்தான். துணி பிடிக்காமல் இறக்கிய சோற்றுப்பானை, விரலிடுக்கில் அணையாமல் இருந்த பீடி, சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் நடந்த தார்ரோடு. ராத்திரி தூக்கத்தில் எலி கடிப்பதுகூடத் தெரியாமல் சிலர் விரலை இழந்தார்கள் என்பதால், பூனை வளர்க்கச் சொன்ன காலமும் உண்டு. இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு வலியைப் பற்றி என் ஜெபமே மாறிவிட்டது. வலியை எடுத்துப்போடும் ஆண்டவரே என்று நான் அதற்குப் பிறகு ஜெபித்ததில்லை.

செருப்பு ஒரு தனிக்கதை. மருத்துவமனைப் பட்டறையில் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பரில் செருப்பு செய்தார்கள். ஆணியே அடிக்கமாட்டார்கள், ஆணி மேலே கிளம்பினால் மரத்துப்போன காலுக்குத் தெரியாது என்பதற்காக. நல்ல செருப்பு, இலவசம். ஆனால் வாங்கிப்போன பெண்கள் பலர் அதைப் போடவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டால் பரண்மேல் இருக்கும். ஒரு அம்மா வெளிப்படையாகச் சொன்னார்: “இத மாட்டிக்கினு தெருவுல போனா, நெத்தியில எழுதி ஒட்டிக்கினு போற மாதிரி சார்.” அந்த வார் அமைப்பைப் பார்த்தாலே ஊருக்குத் தெரிந்துவிடும். பட்டறையில் சொல்லி, கடைச் செருப்பு மாதிரியே வார் வைக்கச் சொன்னோம், நிறம் மாற்றச் சொன்னோம். அதற்குப் பிறகு போட்டார்கள். அன்பாகக் கொடுக்கிறோம் என்ற நினைப்பிலேயே, வாங்குகிறவருக்கு அது எப்படி இருக்கும் என்று கேட்காமல் எத்தனை வருஷம் கொடுத்திருக்கிறோம்!

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது.

1993 வாக்கில் நெசவு செய்யும் குடும்பத்தில் ஒரு அம்மாவுக்கு நோய் தெரிந்தது. முழங்கைக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தால் நரம்பு கயிறு மாதிரி தடித்திருந்தது. உடம்பில் நிறைய இடங்களில் தேமல். 1982-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து சிகிச்சை அப்போது எங்கள் பகுதியில் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. தேமல் நிறைய உள்ள அவருடைய வகைக்கு அப்போது இரண்டு வருஷம். மாதம் ஒருமுறை என் கண் முன்னால் ஒரு வேளை மருந்தை விழுங்க வேண்டும், மற்றதைத் தினமும் வீட்டில். சிறுநீர் சிவப்பாகப் போகும், தோல் கறுக்கும், பயப்படாதீர்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். “கறுத்தா என்ன சார், பொண்ணு கல்யாணம் முடிஞ்சா போதும்” என்றார். மூத்த மகளுக்கு வரன் பேசி முடிவாகும் நேரம் அது.

எனக்கு அந்தக் குடும்பத்தின்மேல் பாரம். புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஜெபக்குறிப்பு கேட்டபோது சொன்னேன். பேர் சொல்லவில்லை, நோயைச் சொல்லவில்லை. நெசவுத் தெருவில் ஒரு தாய், மகளுக்குக் கல்யாணம் கூடிவருகிறது, கர்த்தர் சுகம் தரவேண்டும் என்று மட்டும் சொன்னேன். என் வேலை என்ன என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். நெசவுத் தெருவில் அந்த மாதம் எந்த வீட்டில் வரன் பேசுகிறார்கள் என்பதும் தெரியும். உருக்கமாக ஜெபித்தார்கள்.

பத்து நாளில் அந்தச் சம்பந்தம் முறிந்தது. அடுத்த மாதம் மருந்து நாளில் அந்த அம்மா வரவில்லை. போய்ப் பார்த்தால் வீடு பூட்டியிருந்தது.

விசாரித்து விசாரித்து மூன்றாவது மாதம் ஆம்பூர் பக்கத்தில் அவர் தாய்வீட்டைக் கண்டுபிடித்தேன். என்னால்தான் வெளியே தெரிந்தது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. “மாத்திர கொண்டாந்தீங்களா சார்?” என்று கேட்டு, தண்ணீர் மொண்டுவந்து விழுங்கினார். அப்புறம் சொன்னார்: “நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க. எனக்காக ஜெபம் பண்றதா இருந்தா உங்க வூட்ல கதவ சாத்திக்கினு பண்ணுங்க.” மாரியம்மனைக் கும்பிடுகிற அந்த அம்மா வேதாகமத்தைக் கையால் தொட்டதில்லை. உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி ஜெபம்பண்ணு என்பது என் வேதாகமத்தில் நான் சிவப்புக்கோடு போட்டு வைத்திருந்த வசனம்.

அடுத்த மாதத்திலிருந்து மருத்துவமனை பேர் எழுதிய வண்டியை நான் எந்த நோயாளியின் தெருவுக்குள்ளும் ஓட்டிப்போகவில்லை. டீக்கடையில் நிறுத்திவிட்டு நடப்பேன். போகிற வழியில் சம்பந்தமில்லாத நாலு வீட்டில் நின்று பேசிவிட்டுத்தான் அந்த வீட்டுக்குப் போவேன். ஒரு நாளைக்குப் பார்க்க வேண்டிய வீடுகளில் பாதிதான் முடியும். ரிப்போர்ட்டில் எண்ணிக்கை குறைந்ததற்கு மேலே பதில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அந்த அம்மா சிகிச்சையை முழுசாக முடித்தார், கையில் காலில் ஊனம் எதுவும் இல்லை. மகளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடாததுதான் சரி. தேமல் பாக்கற சார் பந்தியில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பெண் வாழப்போகும் வீட்டில் என்ன நினைப்பார்கள்?

சபையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் ‘குஷ்டரோகி’ என்றே இருக்கிறது. அந்தப் பகுதி வாசிக்கிற ஞாயிறுகளில், பாவம் குஷ்டரோகத்தைப் போன்றது, அருவருப்பானது, பரவுவது என்று பிரசங்கம் வரும். கடைசி பெஞ்சில் என் நோயாளிகள் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். லேவியராகமம் 13, 14-ஆம் அதிகாரங்களில் துணிக்கும் வீட்டுச் சுவருக்கும்கூட அந்தக் குஷ்டம் வருகிறது. நாங்கள் பார்க்கும் நோய் சுவருக்கு வராது. இரண்டும் ஒன்றல்ல. பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி உடம்பிலேயே இருக்கிறது, மருந்து தொடங்கியவரிடமிருந்து பரவுவதும் சீக்கிரம் நின்றுவிடுகிறது. இதையெல்லாம் போதகரிடம் தனியாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அதைவிட, ஒரு நாள் என்னோடு கிளினிக்குக்கு வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அந்த உவமையை அவர் வாயில் நான் கேட்டதில்லை.

திருவிருந்தில் எங்கள் சபையில் எல்லாரும் ஒரே பாத்திரத்தில்தான் குடிப்போம். விரல் குறைந்துபோன ஒரு ஆயா எப்போதும் எல்லாரும் எழுந்துபோன பிறகு கடைசியாகத் தனியாகப் போய் முழங்கால் போடுவார். அவரை யாரும் அப்படிச் சொல்லவில்லை, அவரே எடுத்துக்கொண்ட இடம் அது. முன்னால் போகச்சொல்லி நான் கெஞ்சியும் அவர் கேட்கவில்லை. ஒரு ஞாயிறு, பக்கத்து பெஞ்சிலிருந்த வயதான அம்மா ஒருவர், கிருமி, மருந்து எதுவும் படித்தறியாதவர், ஆயாவின் கையைப் பிடித்து “எனக்கு முட்டி வலிக்குது, என்னப் புடிச்சிக்கினு வா” என்று கூட்டிக்கொண்டு நடுவில் போய்விட்டார். அவருக்கு நிஜமாகவே முட்டி வலிதான். பாத்திரம் ஆயாவிடமிருந்து அவருக்கு, அவரிடமிருந்து அடுத்தவருக்குப் போனது. அவ்வளவுதான். நான் படித்த படிப்பில் எனக்குத் தோன்றாத வழி.

2005 டிசம்பரில் நம் நாட்டில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழாக நோய் குறைந்துவிட்டது. தனிப் பிரிவுகள் சுருங்கின, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மருந்து என்றானது. ஆனால் 2019 வரை தொழுநோய் விவாகரத்துக்கு ஒரு காரணமாகச் சட்டத்தில் இருந்தது. நோய் போய்விட்டது என்று நினைக்கிறவர்கள் பலர், புது டாக்டர்கள் உட்பட. போகவில்லை.

நான் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது. போன மாதம் தெரிந்த ஒரு நர்ஸம்மா போன் பண்ணினார். பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளை, தொடையில் ஒரு தேமல், அம்மா டாக்டரிடம் வரவே பயப்படுகிறார், நீங்கள் ஒரு தடவை பேசிப் பாருங்கள் என்றார். டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன். போகிற வழியில் இரண்டு வீட்டில் நின்று, வெயிலைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசினேன்.

நர்ஸம்மா எனக்கு முன்பே வந்திருந்தார். திண்ணையில் வேண்டாம் என்று சொல்லி, பின்கட்டில் வெளிச்சம் இருக்கிற இடமாகப் பிள்ளையை அம்மா மடியில் சாய்த்து உட்காரவைத்தோம். பேனாவை எடுத்து நர்ஸம்மாவிடம் கொடுத்தேன். “கண்ண மூடிக்க பாப்பா. அத்தை தொடற இடத்த விரலால காட்டு.” முதல் மூன்று இடத்தைச் சரியாகக் காட்டியது. நாலாவது, தேமலின் நடுவில். பிள்ளை கண்ணை மூடியபடி, எப்போது தொடுவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தது.

ஆறு மாதம் மருந்து, இலவசம், முழுசாகச் சரியாகிவிடும், கையும் காலும் ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். அந்த அம்மா அழுதார். தெருவில் யாருக்கும் தெரியவேண்டியதில்லை என்று சொன்னதும்தான் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். மருந்து அட்டையை நர்ஸம்மா துணிப்பையில் போட்டு, மேலே கொஞ்சம் கீரை வைத்து, சாயங்காலம் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். நான் வந்த வழியிலேயே நடந்துபோய், டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வண்டியை எடுத்தேன்.