பெயர் போடும் நேரம்

சினிமாவில் டைட்டில் வேலை, அதாவது திரையில் பெயர் போடும் வேலை, எப்போதும் கடைசியில்தான் வரும். எடிட்டிங் முடிந்து, டிஐ என்கிற நிறச் சீரமைப்பு முடிந்து, ஒலி மிக்ஸிங் ஓடிக்கொண்டிருக்கும்போது உதவி இயக்குநர் ஒருவர் பெயர்ப் பட்டியலை வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவார். “அண்ணே, கிராண்டா இருக்கணும்.” கிராண்ட் என்றால் தீப்பொறி, உலோக எழுத்து, பின்னால் ட்ரோன் ஷாட். செய்து கொடுத்துவிடலாம். ஆனால் மூன்றாவது பெயருக்குள் கண் அதற்குப் பழகிவிடும். அதற்கு முன்பே சென்சார் சான்றிதழ், புகையிலை எச்சரிக்கை, நன்றி அட்டைகள் என்று படித்துப் படித்துச் சலித்த கண் அது.

வேலைக்குப் புதிதாகச் சேரும் பையன்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது இயக்குநர் ஹிட்ச்காக்கின் ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ (1959) டைட்டிலை. வடிவமைத்தவர் சால் பாஸ். பச்சைத் திரை. அதில் சாய்வான கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடிக் கட்டம் கட்டமாகின்றன. அந்தச் சாய்வைப் பிடித்தபடியே பெயர்கள் லிஃப்ட் மாதிரி ஏறி இறங்குகின்றன. சற்று நேரத்தில் கட்டங்கள் நியூயார்க் கட்டடம் ஒன்றின் கண்ணாடிச் சுவராக மாறுகின்றன. கண்ணாடியில் கீழே தெருவில் போகும் கார்கள் தெரிகின்றன. அதன்பிறகும் எழுத்து அதே சாய்வில்தான் நகர்கிறது. அதுதான் விஷயம். எழுத்தைப் படத்தின்மேல் ஒட்டவில்லை, படத்துக்குள்ளேயே அதற்கு ஓர் இடம் இருக்கிறது. கடைசியில் ஹிட்ச்காக் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவருகிறார், கதவு மூடிக்கொள்கிறது.

1995-இல் வந்த ‘செவன்’ படத்தின் டைட்டில் இதற்கு நேர் எதிர். கைல் கூப்பர் செய்தது. கையால் கீறிய எழுத்துகள் துடிக்கின்றன, பிசிறடிக்கின்றன. படத்தில் வரும் கொலைகாரனே உட்கார்ந்து எழுதியதுபோல் இருப்பதால் அந்தப் பிசிறுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்து காதல் கதைக்கும் அதே கீறலைக் கேட்கிறார்கள்.

தமிழ் எழுத்தில் வேறொரு தலைவலி உண்டு. ஆங்கிலத்தில் ஒவ்வோர் எழுத்தாகப் பறந்து வந்து உட்காரும் எஃபெக்ட் சாதாரணம். பழைய மென்பொருள்களில் அதையே தமிழுக்குப் போட்டால், ‘கொ’வில் கொம்பு முதலில் வரும், ‘க’ அப்புறம் வரும், கால் தனியாக நொண்டிக்கொண்டு வரும். மெய்யெழுத்தின் புள்ளி திரையின் மறுகோடியில் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் எழுத்தைப் படமாக மாற்றி, ஒவ்வொன்றையும் கையால் வெட்டித் தனி லேயரில் வைப்போம். நேரம் பிடிக்கும்தான். ஆனால் அப்படி வெட்டும்போதுதான் ‘ழ’வின் வால் எவ்வளவு அழகான வளைவு, அதை எப்படியெல்லாம் இழுக்கலாம் என்று கைக்குப் புரிகிறது.

அப்புறம் நேரக்கணக்கு. ஒரு பெயரை நிதானமாக இரண்டு முறை படிக்க முடிகிற அளவுக்காவது அது திரையில் நிற்க வேண்டும் என்பது என் கணக்கு. இசைத் துண்டு கைக்கு வந்திருந்தால் வெட்டு தானாகவே அமையும். 1992-இல் ‘அண்ணாமலை’யில் வந்த சூப்பர் ஸ்டார் டைட்டிலையே எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் புள்ளிகள்தான். தேவாவின் இசையை எடுத்துவிட்டுப் பார்த்தால் பாதி உயிர் போய்விடும். எங்களுக்கோ பெரும்பாலும் இசை கடைசி இரவில்தான் வந்து சேரும்.

இப்போது செய்வது ஒரு பஸ் டிப்போ கதை. வழித்தடப் பலகையைக் கண்டக்டர் திருப்பிப் போடுவார் இல்லையா, அப்படியே பெயர்களைத் தகரப் பலகையில் எழுதி, திருப்பினால் அடுத்த பெயர் வருகிற மாதிரி அமைத்தோம். துரு, பெயின்ட் வழிந்த தடம், ஆணி ஓட்டை எல்லாம் நிஜப் பலகையைப் புகைப்படம் எடுத்துச் சேர்த்தது. இயக்குநருக்குப் பரம திருப்தி. தயாரிப்பாளர் மட்டும் பலகை திரும்பும்போது தன் பெயர் ஒரு நொடி தலைகீழாகத் தெரிவதைப் பிடித்துக்கொண்டார். முதல் படம், சகுனம் சரியில்லையாம். சரி, அவருடைய பலகை மட்டும் இப்போது பக்கவாட்டில் திரும்புகிறது.