கொண்டலோடு தொண்டிக்குப் போன நாள்

தருமபுரிப் பக்கத்தில் ஓர் ஊருக்கு வழி கேட்டால், பேருந்தின் பெயரையும் இறங்க வேண்டிய கைகாட்டியையும் சொல்வார்கள். எங்கள் மாவட்டத்தில் ஊர்கள் சாலையைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் என் ஆயா வீடு பென்னாகரத்துக்குத் தெற்கே நாகமரையில் இருந்ததால், தண்ணீர் வழியாக ஓர் ஊருக்குப் போவது எனக்குச் சிறு வயதிலேயே பழக்கமானது. மேட்டூர் அணை நிறைந்திருக்கும் மாதங்களில் காவிரி அங்கே ஓர் ஏரியைப் போல விரிந்து கிடக்கும். அக்கரையில் சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. பரிசலில் கடக்கும்போது முதலில் மரங்களின் உச்சியும், பிறகு கூரைகளும், கடைசியில் துறையில் நிற்கும் மனிதர்களின் முகங்களும் தெரியவரும். அதே பண்ணவாடிக்கு மேட்டூர் வழியாகச் சுற்றிக்கொண்டு பேருந்தில் போனால், அது வேறோர் ஊராகத் தோன்றும்.

இந்த அனுபவத்தை எங்கள் பள்ளியில் பணியாற்றும் இராமநாதபுரத்து ஆசிரியர் ஒருவரிடம் ஒருமுறை சொன்னேன். தென் மாவட்டங்களைச் சேர்ந்த ஆசிரியர்கள் பலருக்கு முதல் பணியிடம் தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோதான் அமைகிறது. அவரும் அப்படி வந்தவர். அவருடைய ஊர் மோர்ப்பண்ணை, தேவிப்பட்டினத்துக்கு வடக்கே பாக் விரிகுடாக் கரையில் உள்ள மீனவர் கிராமம். "அண்ணே, கோடை விடுமுறைக்கு வாங்க, எங்க சித்தப்பாவோட வத்தையில பாய் கட்டித் தொண்டிக்குப் போவோம், நீங்க சொல்றது அப்ப இன்னும் நல்லாப் புரியும்" என்றார். வத்தை என்பது அடி தட்டையான நாட்டுப்படகு. தொண்டிக்கு நான் முன்பே ஒருமுறை ஒரு திருமணத்துக்காகப் பேருந்தில் போயிருந்தேன். கடைத்தெருவும் திருமண மண்டபமும் தவிர எதுவும் நினைவில் நிற்கவில்லை. கடலை எட்டிப் பார்க்காமலேயே அன்று திரும்பியிருந்தேன்.

மே மாதத்தின் நடுவில், ஒரு பெட்டி செந்தூரா மாம்பழத்தோடு சேலம், மதுரை, இராமநாதபுரம் என்று மாறி மாறிப் பயணம் செய்து மோர்ப்பண்ணை போய்ச் சேர்ந்தேன். அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்களுக்குக் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் போகக்கூடாது. நாட்டுப்படகுகளுக்கு அந்தத் தடை இல்லை. ஆசிரியரின் சித்தப்பாவுக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். தொழிலுக்கு எஞ்சின் பொருத்திய படகையே கொண்டு போகிறார் என்றாலும், திருவிழாக் காலங்களில் அந்தக் கரையில் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டிக்காக ஒரு பழைய வத்தையையும் ஒரு பாயையும் பழுதில்லாமல் வைத்திருக்கிறார். தொண்டியில் கயிறு வாங்க வேண்டிய வேலையும் அவருக்கு இருந்தது. கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தைத் தாண்டுவதில்லை, மிதவை அங்கியைக் கழற்றுவதில்லை என்ற இரண்டு நிபந்தனைகளோடு என்னை ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தார். ஒகேனக்கல்லில் பரிசல் ஏறுபவர்கள் அணியும் அதே வகை அங்கியை நான் ஊரிலிருந்தே எடுத்துச் சென்றிருந்தேன்.

விடிவதற்கு முன் புறப்பட்டோம். சித்தப்பா சுக்கானில் இருந்தார். அவருடைய மகன் ஆஞ்சானைப் பிடித்து இழுக்க, பருமலோடு கட்டிய பாய் மரத்தின் உச்சிக்கு ஏறியது. ஆஞ்சான் என்பது பாயை ஏற்றி இறக்கும் கயிறு. பருமல், பாயின் மேல் விளிம்பைத் தாங்கும் குறுக்குக் கழி. பாயின் கீழ் மூலையைப் பிடித்துக் காற்றுக்கு ஏற்ப இழுக்கவும் தளர்த்தவும் உதவும் கயிற்றுக்குத் தாமான் என்று பெயர். படகின் முன்பகுதியை அணியம் என்றும் பின்பகுதியைக் கடையால் என்றும் சொன்னார்கள். பரிசலுக்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. மூங்கில் பிளாச்சுகளால் பின்னி, முன்பு தோலும் இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும் கொண்டு அடிப்பாகத்தை மூடிய வட்டம் அது. ஒரு பக்கமே துடுப்புப் போட்டால் நின்ற இடத்திலேயே சுழலும். அதில் வளர்ந்த எனக்கு, எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை ஒரு படகு தன் உருவத்திலேயே வைத்திருப்பது அன்று பெரும் வியப்பாக இருந்தது.

தரையிலிருந்து கடலை நோக்கி மென்மையான காற்று வந்தது. மேற்கிலிருந்து வருவதால் அதைக் கச்சான் என்றார்கள். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது சோழகம். இவற்றுள் வாடையும் கொண்டலும் நான் பாடமாகப் படித்துத் தேர்வில் எழுதிய சொற்கள். ஆனால் ஒருவர் முகத்தைத் திருப்பி, கன்னத்தில் காற்றை வாங்கி, "கச்சான் இன்னும் ஒரு மணி நேரம் நிக்கும்" என்று சொல்வதை அன்றுதான் கேட்டேன். அந்தச் சொற்கள் அவருக்கு எங்கள் ஊர் ஓட்டுநருக்குத் தேசிய நெடுஞ்சாலை 44 எப்படியோ அப்படி. அவற்றின் மீதுதான் அவர் போய் வருகிறார்.

கரை இடக்கைப் பக்கமாக, கறுத்த ஒரு கோடாக எங்களோடு வந்துகொண்டிருந்தது. தரைக்காற்று கரையின் வாசனைகளை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தது: முதலில் விறகுப் புகை, பிறகு காரங்காட்டு அலையாத்திக் காட்டை நெருங்கும்போது சேற்றின் உவர்மணம். கண்ணால் பார்ப்பதற்கு முன்பே மூக்கு ஊரை அறிந்துகொண்டது. கிழக்கே சூரியன் எழுந்தபோது தண்ணீருக்கு அடியில் கடற்புல் படுகைகள் பழுப்புப் பச்சையாகத் தெரிந்தன. இந்தப் புல்லைத்தான் ஆவுளியா என்று இங்குள்ளவர்கள் அழைக்கும் கடற்பசு மேய்கிறது. அதைக் காக்க, இதே விரிகுடாவில் இன்னும் வடக்கே, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022-ல் காப்பகமாக அறிவித்தது. நாங்கள் ஆவுளியாவைப் பார்க்கவில்லை. தன் வாழ்நாளில் விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைகளே பார்த்ததாகச் சித்தப்பா சொன்னார்.

பாக் விரிகுடாவின் ஆழத்தைப் பற்றிக் கேட்டபோது, அதன் பெரும்பகுதி 50 அடிக்கும் குறைவானதே என்பது பேச்சில் வந்தது. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. செய்தித்தாளில் நாள்தோறும் அணை மட்டத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். கடல் என்றாலே அணையைவிட ஆழமானது என்று எண்ணியிருந்த எனக்கு, அணைச் சுவரின் அடியில் நிற்கும் நீரில் பாதி ஆழம்கூட இந்தக் கடலுக்கு இல்லை என்ற செய்தியை ஏற்கச் சற்று நேரம் பிடித்தது. ஆழமில்லாத கடல் என்பதால்தான் இங்கே அடி தட்டையான வத்தைகள் ஓடுகின்றன. கரையோரத்தில் முழங்கால் அளவுத் தண்ணீரிலும் அவை மிதக்கும்.

ஒன்பதரை மணி அளவில் காற்று விழுந்துவிட்டது. "விழுந்துவிட்டது" என்பது அவர்களுடைய சொல். பாய் ஒருமுறை சடசடத்து, பிறகு காயப்போட்ட வேட்டியைப் போலத் தொங்கியது. இரவில் தரை விரைவாகக் குளிர்வதால் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகிறது. பகலில் தரை விரைவாகச் சூடேறி அங்குள்ள காற்று மேலெழும்புவதால், அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வருகிறது. இதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். ஓர் அம்புக்குறியை அழித்துவிட்டு அடுத்ததை வரைவதற்கு நடுவில் இப்படி ஒரு வெறும் நேரம் இருப்பதை நான் ஒருபோதும் சொல்லிக்கொடுத்ததில்லை, ஏனென்றால் எனக்கே அது தெரியாது.

அந்த வெறும் நேரம் ஒரு மணிக்கும் மேலாக நீடித்தது. மகன் நீண்ட மூங்கில் கழியை எடுத்துத் தரையில் ஊன்றித் தள்ளிப் பார்த்தான். சித்தப்பா வேண்டாம் என்று கைகாட்டினார். நான் கொண்டுவந்த மாம்பழங்களில் நான்கை அவர் படகில் எடுத்து வைத்திருந்தார். ஆளுக்கு ஒன்றாகச் சாப்பிட்டோம். நான் தண்ணீரில் போட்ட மாம்பழத் தோல் படகின் பக்கத்திலேயே, என் கைக்கு எட்டும் தூரத்தில், உட்புறம் மேல் நோக்கியபடி அசையாமல் மிதந்தது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோதும் அது அங்கேயே இருந்தது. அதன் மேல் விரல் நகத்தளவு மீன்குஞ்சுகள் நான்கைந்து வந்து மஞ்சள் நாரைக் கடித்து இழுத்தன. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. யாரும் கைப்பேசியை எடுக்கவில்லை, யாரும் நேரத்தையும் கேட்கவில்லை. சேருவதை நாம் தீர்மானிக்காத ஒரு பயணத்தை என் வயதில் முதல்முறையாகச் செய்துகொண்டிருந்தேன். அதில் எனக்குச் சலிப்பு எழாததை நினைத்து இப்போதும் மகிழ்கிறேன்.

பிறகு சித்தப்பா தென்கிழக்கே கையை நீட்டி, "தண்ணி கறுக்குது பாருங்க தம்பி, காத்து வருது" என்றார். கண்ணாடி போலக் கிடந்த பரப்பில் தொலைவில் ஒரு கருநீலப் பட்டை தெரிந்தது. காற்று தொட்ட இடத்தில் சிற்றலைகள் எழுந்து, அவை ஒளியைச் சிதறடிப்பதால் நீர் இருண்டு தெரிகிறது. அந்தப் பட்டை எங்களை நோக்கி நகர்ந்து வந்ததைக் கண்ணால் பார்த்தேன். முதலில் மாம்பழத் தோல் புரண்டது, பிறகு என் சட்டைக் காலர் அசைந்தது, அதன் பின்னரே பாய் நிறைந்தது. கிழக்கும் தெற்கும் கலந்த அந்தக் காற்றைக் கொண்டல் என்றார்.

கொண்டல் வலப்பக்கத்திலிருந்து தள்ளியதால் வத்தை இடப்பக்கம் சாய்ந்தது. அதைச் சமன்செய்ய, படகின் குறுக்கே வைத்துக் கடலின் மேல் நீட்டியிருக்கும் பலகையில் ஆள் ஏறி உட்கார வேண்டும். முதலில் ஆசிரியர் ஏறினார். காற்று வலுத்தபோது என்னையும் ஏறச் சொன்னார்கள். பலகை கால்பட்டுக் கால்பட்டு வழவழப்பாகியிருந்தது. பிடித்துக்கொள்ளக் கட்டிய கயிற்றில் உப்புப் பூத்திருந்தது. எனக்குக் கீழே படகு இல்லை, தண்ணீர் மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. என் உடம்பின் எடை ஒரு படகை நிமிர்த்தி வைக்கிறது என்பதைத் தொடைகளால் உணர்ந்தேன். காற்று தணிந்தால் உள்ளே நகரவும், ஏறினால் வெளியே நகரவும் சித்தப்பா ஒரே சொல்லில் கட்டளையிட்டார். சிறிது நேரத்தில் அவர் சொல்வதற்கு முன்பே என் உடம்பு நகரப் பழகிக்கொண்டது.

தொண்டி முதலில் ஒரு கைப்பேசிக் கோபுரமாகவும் ஒரு பள்ளிவாசல் மினாராகவும் தெரிந்தது. பிறகு தென்னைகள், அவற்றின் கீழே வெள்ளைச் சுவர்கள், தடைக்காலத்துக்காக நிறுத்தி வைத்த படகுகளின் வண்ணங்கள். காலையில் கச்சான் கரையின் மணத்தையும் ஓசையையும் எங்களிடம் கொண்டுவந்ததற்கு மாறாக, இப்போது காற்று எங்களிடமிருந்து ஊரை நோக்கி வீசியதால், ஊர் ஓசையே இல்லாமல் நெருங்கி வந்தது. வலை பிரிக்கும் பெண்கள் பேசுவது தெரிகிறது, கேட்கவில்லை. ஒரு சிறுவன் நாயை விரட்டுகிறான், குரைப்பு இல்லை. கடலை நோக்கி இறங்கும் தெருக்கள் ஒவ்வொன்றும் எங்கள் நேர் எதிரே வரும்போது மட்டும் அதன் நீளம் முழுவதையும் திறந்து காட்டி, படகு நகர்ந்ததும் மூடிக்கொண்டன. கரையை ஏறக்குறைய தொட்ட பிறகுதான் நண்பகல் தொழுகைக்கான பாங்கு காதில் விழுந்தது. பேருந்தில் வந்தபோது நான் இந்த ஊரின் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன் என்று அந்த நேரத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

சங்ககாலச் சேரர்களின் தொண்டி மேற்குக் கரையில் இருந்த வேறோர் ஊர். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், தொண்டியோர் மரக்கலங்களில் அனுப்பிய அகில், துகில், சந்தனம், கருப்பூரம் ஆகியவற்றின் மணத்தைச் சுமந்துகொண்டு கொண்டல் காற்று பாண்டியனின் கூடலுக்குள் நுழைவதாக வருவது இந்தக் கிழக்குத் தொண்டியைப் பற்றியது. அந்த வரிகளுக்கு நான் எத்தனையோ முறை வகுப்பில் பொருள் சொல்லியிருக்கிறேன். கப்பல் இந்தக் கரைக்கு வருவதும், கரையிலிருந்து மணம் மதுரைக்குப் போவதும் ஒரே காற்றால் நடக்கிறது என்பது, அந்தக் காற்று என் முதுகில் பட்டபடி தொண்டியில் இறங்கிய அன்றுதான் எனக்கு உறைத்தது. இன்று கொச்சியில் தொடங்கி மதுரை வழியாக வரும் தேசிய நெடுஞ்சாலை 85 இங்கேதான் முடிகிறது.

கரைக்குச் சற்றுத் தள்ளியே நங்கூரம் போட்டு, கணுக்கால் புதையும் சேற்றில் நடந்து ஏறினோம். சித்தப்பா கயிற்றை எடைபோட்டு வாங்கினார். நண்டு ரசத்தோடு சாப்பிட்டோம். எதிர்க்காற்றில் தெற்கே திரும்ப முடியாது என்பதால், இரவு கச்சான் இறங்கும் வரை காத்திருந்து போவதாக அவர்கள் சொல்ல, நான் மாலைப் பேருந்தில் மதுரைக்குக் கிளம்பினேன்.

ஆடி மாதத்தில் நாகமரைக்குப் போயிருந்தேன். அணையில் தண்ணீர் ஏறியிருந்தது. காற்று பலமாக இருந்ததால் பரிசலைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். பரிசல் ஓட்டும் பெரியவரிடம், இந்தக் காற்றுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். இத்தனை ஆண்டுகளில் நான் அவரிடம் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டதே இல்லை. அவர் பண்ணவாடிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "இது மேக்காத்துங்க, சாயங்காலம் கொஞ்சம் அடங்கும், அப்பப் போலாம்" என்றார்.