நாற்காலியில் மூன்று ரவுண்டு

வியாசர்பாடி மைதானத்தில் பந்தாடி வலது முழங்கால் திருகிக்கொண்டு இன்றோடு ஏழு வாரம். நாற்பத்திரண்டு வயதில் பதினேழு வயதுப் பையனைத் துரத்தினால் வேறென்ன கிடைக்கும்?

முதல் இரண்டு வாரம் கட்டிலே கதி என்று கிடந்ததில் தொடை சூம்பியதுதான் மிச்சம். பிசியோதெரபிஸ்ட் அம்மா சொன்ன கணக்கு எளிது. பயிற்சியின்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலை வலியோ வீக்கமோ கூடியிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம். முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முழங்காலால் அதை ஐந்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். பார்த்தால் சிரிப்பு வரும். பத்தாவது முறை தொடை நடுங்கும்போது வராது.

படிக்கட்டுக்கும் ஒரு முறை உண்டு: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இன்னமும் முணுமுணுத்துக்கொண்டேதான் இறங்குகிறேன்.

ஆனால் என்னை எழுப்பி உட்காரவைத்தவர் ராயபுரத்தில் எங்கள் தெருப் பெரியவர், அந்தக் காலத்துக் குத்துச்சண்டைக்காரர். "கால்தானே போயிற்று, கைக்கு என்ன கேடு?" என்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார். மூன்று நிமிடம் காற்றில் குத்து, ஒரு நிமிடம் ஓய்வு. மூன்றாவது ரவுண்டில் பனியன் பிழியும்படி நனைந்துவிட்டது. நாற்காலி கீச்சிட்டதைக் கேட்டு எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தது தனிக்கதை.

நேற்றுக் காசிமேடு வரை மெல்ல நடந்து, வஞ்சிரம் விலை கேட்டு மிரண்டு, அரைக்கிலோ சங்கரா மீனோடு திரும்பினேன். இன்று காலை முதல் வேலையாக முழங்காலைத் தடவிப் பார்த்தேன். வீக்கம் இல்லை.