தானாகப் பரவும் தடுப்பூசி

காலையிலிருந்து முயல்களைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். வேலை ஒன்றும் ஓடவில்லை.

ஸ்பெயினில் மெனோர்கா பக்கத்தில் ஐரே என்று ஒரு குட்டித் தீவு. முயல்களைக் கொல்லும் மிக்ஸோமா வைரஸில் வீரியம் குறைந்த ஒரு வகையை வைத்து, முயல் ரத்தக்கசிவு நோய்க்கும் சேர்த்து ஒரு தடுப்பூசி செய்து, அங்கே சில காட்டு முயல்களுக்குப் போட்டார்கள். தடுப்பூசி வைரஸே முயலுக்கு முயல் தொற்றியதால், ஊசி போடாத முயல்களிலும் கணிசமானவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது. முடிவுகள் 2001இல் வெளியாயின. ஐபீரிய லின்க்ஸ் பூனைக்கு முயல்தான் சோறு என்பதால் ஸ்பெயினுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் ஆஸ்திரேலியா? 1950இல் அதே மிக்ஸோமாவை முயல்களைக் கொல்லவே அவிழ்த்துவிட்ட நாடு. அங்கே இந்தத் தடுப்பூசி போய்ச் சேர்ந்தால் யார் பொறுப்பு? தீவுதானே என்றும் சொல்ல முடியாது. 1995இல் ஆஸ்திரேலியாவின் வார்டாங் தீவில் அடைத்து வைத்துச் சோதித்த முயல் ரத்தக்கசிவு நோய் வைரஸ் கடல் தாண்டி நிலப்பரப்புக்கு வந்துவிட்டது. பூச்சிகள் சுமந்து வந்திருக்கலாம் என்கிறார்கள்.

1952இல் பிரான்சில் ஒரு டாக்டர் தன் தோட்டத்து முயல் தொல்லைக்காக மிக்ஸோமாவை விட்டார், ஐரோப்பாவே அனுபவித்தது. மதில் கட்டிய தோட்டமாம் அது!

சரி, அப்புறம் வைரஸ் பழைய வீரியத்துக்கே திரும்பினால்? ஊசியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி கிடையாது. அனுமதி தருவது ஒரு நாடு, பரவுவது எல்லா நாட்டுக்கும். பக்கத்து நாட்டையும் கேட்டுவிட்டுத்தான் விட வேண்டும் என்பது என் கட்சி.